பண்டம் வந்தது... பக்குவம் வந்ததா?

போன மார்ச் மாதம் நடந்தது. குமணன்சாவடியிலிருந்து வழக்கமாக என்னிடம் வரும் ஒரு பெரியவர், மனைவியோடு வந்து உட்கார்ந்தார். வயது 68. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய். ஆனால் ரொம்பக் கட்டுப்பாடானவர். ஆங்கில மருத்துவர் கொடுத்த மாத்திரை, நான் கொடுக்கும் சூரணம், காலையில் செம்பரம்பாக்கம் ரோட்டில் ஒரு மணி நேர நடை என்று ஒழுங்காக இருப்பவர்.

ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். நவம்பரில் வெறும் வயிற்றில் 126 இருந்த சர்க்கரை, இப்போது 198!

"என்னங்க ஐயா இது?" என்றேன்.

அவர் பேசவில்லை. அந்தம்மாதான் கண் கலங்கினார்கள்.

"வெளியில ஒரு பண்டம் வாங்கிக் குடுக்கறதில்ல டாக்டர். பேக்கரிப் பக்கம் தலைவெச்சும் படுக்கறதில்ல. எல்லாம் வீட்டுல என் கையால செஞ்சதுதான்."

"என்னம்மா செஞ்சீங்க?"

"ஆன்சாக் பிஸ்கெட்! ஓட்ஸும் தேங்காயும் போட்டது. ஓட்ஸ் நல்லதுன்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், சொன்னேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், போகிற போக்கில் சொன்னேன். எப்படிச் சாப்பிடணும், எவ்வளவு சாப்பிடணும் என்று சொல்லவில்லை. அந்த அரைகுறை வார்த்தை இந்த வீட்டில் எங்கே போய் நின்றிருக்கிறது பாருங்கள்!

விஷயம் இதுதான். மகள் குடும்பம் மெல்போர்னில். டிசம்பர், ஜனவரி அங்கே கோடை விடுமுறை. பேரனும் பேத்தியும் பூந்தமல்லிக்கு வந்திருக்கிறார்கள். இட்லி, தோசை எல்லாம் நாலு நாள். அப்புறம் பேரன், "பாட்டி, ஆன்சாக் பிஸ்கெட் செஞ்சு தா" என்று கேட்டிருக்கிறான். பாட்டிக்கு அந்தப் பெயரே புதுசு. மகள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க, ஓவன் வாங்கி, செய்து கொடுத்துவிட்டார்கள். குழந்தைகள் ஜனவரிக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டார்கள். ஓவன் இருந்துவிட்டது. டின்னும் இருந்துவிட்டது. காலைக் காப்பிக்கு ரெண்டு, சாயந்திரம் மூணு என்று தாத்தாவின் பழக்கமும் இருந்துவிட்டது.

இன்றைக்கு நம் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில். சிட்னியும் மெல்போர்னும் நமக்கு அம்பத்தூர், ஆவடி மாதிரி ஆகிவிட்டன. அந்த ஊர்ப் பலகாரங்கள் நம் அடுப்புக்கு வருவதில் எனக்கு வருத்தம் இல்லை. சித்த வைத்தியன் என்றால் "அந்நியச் சாப்பாடு விஷம்" என்று கத்துவான் என எதிர்பார்க்காதீர்கள். மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் கடல் தாண்டி வந்தவைதான். என் வருத்தம் வேறே. பண்டத்தை வரவழைத்துக்கொள்கிறோம், அதன் பக்குவத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்!

நாள் பார்த்துச் செய்யும் பண்டம்

ஆன்சாக் பிஸ்கெட் என்பது என்ன? முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் படைகளுக்குச் சேர்த்து வைத்த பெயர்தான் ஆன்சாக். 1915 ஏப்ரல் 25-ஆம் தேதி அவர்கள் துருக்கியின் கல்லிப்போலியில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் திரும்பவில்லை. நம் இந்தியப் படையினரும் அந்த மண்ணில் செத்திருக்கிறார்கள். இன்றும் ஏப்ரல் 25 அங்கே நினைவு நாள். விடியற்காலையில் எழுந்து கூடி அஞ்சலி செலுத்துவார்கள். அந்த நாளோடு சேர்ந்த பண்டம் இது. அந்தப் பெயரைக் கண்டபடி வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது.

முட்டை கிடையாது. அதனால் நாள்பட இருக்கும். ஒரு கப் ஓட்ஸ், ஒரு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, முக்கால் கப் உலர்ந்த தேங்காய்த் துருவல், 125 கிராம் வெண்ணெய், ரெண்டு மேஜைக்கரண்டி கோல்டன் சிரப் என்கிற கரும்புப் பாகு, கொஞ்சம் சமையல் சோடா, வெந்நீர். வழக்கமான செய்முறை இதுதான். சுமார் 30 பிஸ்கெட் வரும்.

கணக்குப் போடுங்கள். சர்க்கரையும் பாகும் சேர்ந்து ஒரு பிஸ்கெட்டுக்கு 8, 9 கிராம் இனிப்பு. ஏறக்குறைய ரெண்டு டீஸ்பூன். அஞ்சு பிஸ்கெட் என்றால் பத்து டீஸ்பூன்! உணவில் நாமாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அதுவும் நோய் இல்லாதவருக்கு. காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, நம் பெரியவர் பிஸ்கெட்டிலேயே அதைவிட அதிகம் சாப்பிட்டிருக்கிறார். ஓட்ஸ் என்ற ஒரு சொல் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

தீபாவளிக்கு அதிரசம் சுடுகிறோம். தினமும் சுடுகிறோமா? யாராவது "அரிசி தானே, வெல்லம் தானே, உடம்புக்கு நல்லது" என்று காலையும் மாலையும் அதிரசம் சாப்பிடுவார்களா? நமக்கு அதன் நாள் தெரியும், அளவு தெரியும். ஆன்சாக் பிஸ்கெட்டுக்கும் நாள் உண்டு. நமக்குச் செய்முறை மட்டும் வந்தது, நாள் வரவில்லை.

லாமிங்டன் கேக்கும் அப்படித்தான். கேக்கைச் சதுரமாக வெட்டி, சாக்லேட் பாகில் முக்கி, தேங்காய்த் துருவலில் புரட்டுவது. 1896 முதல் 1901 வரை குயின்ஸ்லாந்தின் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரால் வழங்குவது. அதே மனிதர்தான் 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னர். மும்பை லாமிங்டன் ரோடும் அவர் பெயர்தான். பாவ்லோவா என்கிற பண்டம் ரஷ்ய நடன மேதை அன்னா பாவ்லோவாவின் பெயரில் இருப்பது. நாலு முட்டை வெள்ளைக்கரு, ஒரு கப் சர்க்கரை, மேலே கிரீம், பழம். "எங்களுடையது", "இல்லை எங்களுடையது" என்று ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் சண்டை போடுகின்றன. அந்த அம்மையார் ஆஸ்திரேலியாவுக்குப் போன கப்பலில்தான் நம் ருக்மிணி தேவியும் பயணம் செய்தார். அங்கே வளர்ந்த நட்பு நடனத்தில் கொண்டுபோய் விட்டு, பிறகு 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்தது. இதெல்லாம் விருந்துப் பண்டங்கள், வருஷத்தில் நாலு நாளைக்கு. தாராளமாகச் செய்யுங்கள்.

தடவுவதா, அப்புவதா?

இன்னொரு பொருள் பேரப்பிள்ளைகளின் பெட்டியோடு வந்து இறங்குகிறது. வெஜிமைட். கருப்பாக, மை மாதிரி இருக்கும். பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து சிரில் காலிஸ்டர் என்ற வேதியியலாளர் தயாரித்து, 1923-ல் மெல்போர்னில் விற்பனைக்கு வந்தது. பி வைட்டமின்கள் நிறைய உள்ள பொருள். ஆனால் உப்பும் நிறைய! 100 கிராமில் 3 கிராமுக்கு மேல் சோடியம். அந்த ஊர்க் குழந்தை ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன் மேல் கத்தி நுனியால் கீறினாற்போலத் தடவும். அதுதான் அதன் பக்குவம். நம் தாத்தா ஜாம் மாதிரி அப்பிச் சாப்பிட்டுவிட்டு, முகத்தைச் சுளிக்கிறார். முகச் சுளிப்போடு போனால் பரவாயில்லை. இரத்த அழுத்தம் இருப்பவருக்கு அது வினை. ஊறுகாயை நாம் தொட்டுக்கொள்கிறோம், குழம்பு மாதிரி ஊற்றிப் பிசைவதில்லையே!

எது பாரம்பரியம்?

இதுவரை சொன்னதெல்லாம் 1788-க்குப் பிறகு ஆங்கிலேயர் குடியேறியபின் வந்தவை. அதற்கு முன் அங்கே யாருமே இல்லையா? 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மண்ணில் வாழ்கிற ஆதிகுடிகள் இருக்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கட்டி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழமையான அரைக்கும் கற்கள் கிடைத்திருக்கின்றன. நம் அம்மிக்கல்லின் தூரத்துச் சொந்தம்! அதில் புல்விதை, வேல மர இனத்து விதை எல்லாம் அரைத்து, சாம்பலில் சுட்டுச் சாப்பிட்டார்கள்.

அவர்கள் உணவில் நமக்குத் தெரிந்த முகங்களும் உண்டு. நாம் கூட்டு வைக்கிற பருப்புக்கீரையை அவர்களும் உண்டார்கள், அதன் பொடி விதையைக் கூட அரைத்து உண்டார்கள். வடக்கு ஆஸ்திரேலியாவில் காக்கடு பிளம் என்று ஒரு பழம். வைட்டமின் சி அதிகமுள்ள பழங்களில் முன்வரிசையில் நிற்பது. அது எந்த இனம் தெரியுமா? நம் கடுக்காய், தான்றிக்காய், மருத மரம் இருக்கிற அதே டெர்மினாலியா இனம்!

இப்போது ஒரு கதை சொல்கிறேன். கதையல்ல, நடந்தது.

1860-ல் பர்க், வில்ஸ் என்ற இரண்டு பேர் தலைமையில் ஒரு குழு மெல்போர்னிலிருந்து கிளம்பியது. ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்கே கடப்பது நோக்கம். போனார்கள். திரும்பும்போது 1861-ல் கூப்பர் ஓடைக் கரையில் உணவு தீர்ந்து மாட்டிக்கொண்டார்கள். அங்கே வாழ்ந்த யாண்ட்ருவாந்தா மக்கள் மீன் கொடுத்தார்கள், நார்டூ என்ற செடியின் காயை அரைத்த மாவில் செய்த பண்டமும் கொடுத்தார்கள். வந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டார்கள். "இவ்வளவுதானே? நாமே செய்துகொள்ளலாம்" என்று நினைத்தார்கள். உதவ வந்த மக்களை பர்க் துப்பாக்கியால் சுட்டு விரட்டியும் விட்டார்.

பிறகு காயைப் பொறுக்கினார்கள், அரைத்தார்கள், வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். ஆனால் நாளுக்கு நாள் கால் ஓய்ந்தது, உடம்பு இளைத்தது. சாப்பிடுகிறோம், ஆனாலும் பலம் போகிறதே என்று வில்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இருவரும் இறந்துபோனார்கள். கூட இருந்த ஜான் கிங் என்பவர் அந்த மக்களிடமே போய்ச் சேர்ந்தார். அவர்கள் உணவை அவர்கள் முறையில் சாப்பிட்டார். பிழைத்தார்.

ஏன்? 1994-ல் 'நேச்சர்' இதழில் இரண்டு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நார்டூவில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. அந்த மக்கள் மாவை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, தங்கள் பக்குவத்தில் அதை அடக்கினார்கள். கூடவே மீனும் இருந்தது. இவர்கள் பக்குவத்தை விட்டுவிட்டு அதையே முழு உணவாக்கிக்கொண்டார்கள். பெரிபெரி நோய் வந்து சேர்ந்தது.

அந்த நார்டூ யார் என்றால் தூக்கிவாரிப்போடும். நம் ஆரைக்கீரையின் இனம்! வயல் வரப்பிலும் ஏரிக்கரை ஈரத்திலும் நாலு இலையோடு நிற்குமே, அதே இனம். அதிகத் தாகம், அதிகச் சிறுநீருக்கு நாங்கள் சொல்லும் கீரை. நாம் இலையைத்தான் எடுக்கிறோம், அதையும் வேகவைத்து உண்கிறோம். அதனால் பயப்பட வேண்டாம்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது மருந்தின் பெயரைவிட 'சுத்தி' முறையைத்தான் அதிகம் மனப்பாடம் செய்தோம். கடுக்காயில் கொட்டையை நீக்கணும். சுக்கில் மேல்தோலைச் சீவணும். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட்டால் தொட்ட கையே புண்ணாகிவிடும். பொருள் பாதி, பக்குவம் பாதி. மருந்துக்கு மட்டுமல்ல, சாப்பாட்டுக்கும் இதுதான் சட்டம்.

மாவும் சர்க்கரையும் செய்த வேலை

கதையின் மறுபாதியும் இருக்கிறது. வந்தவர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டபின், ஆதிகுடிகளுக்குப் படியாக அளக்கப்பட்டவை வெள்ளை மாவு, சர்க்கரை, தேயிலை. மாவைப் பிசைந்து சாம்பலில் சுட்டால் 'டாம்பர்' ரொட்டி. இன்று பாரம்பரிய ஆஸ்திரேலிய ரொட்டி என்று அதைத்தான் காட்டுகிறார்கள். அந்த மாவும் சர்க்கரையும் தினச் சாப்பாடாகிப்போன மக்களிடையே நீரிழிவு பெருகியது.

கெரின் ஓடே என்ற பெண் விஞ்ஞானி 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மேற்கு ஆஸ்திரேலியாவில், நீரிழிவு உள்ள 10 ஆதிகுடியினர் ஏழு வாரம் தங்கள் பழைய நிலத்துக்கே திரும்பிப் போனார்கள். கங்காரு போன்ற கொழுப்புக் குறைந்த இறைச்சி, ஆற்று மீன், காட்டுக் கிழங்கு. அதையும் தேடி, தோண்டி, நடந்து சம்பாதித்துத்தான் சாப்பிடணும். சராசரியாக 8 கிலோ எடை குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, நம் கணக்கில் சொன்னால், 209-லிருந்து 119-க்கு வந்தது!

உடனே "கங்காரு எங்கே கிடைக்கும் டாக்டர்?" என்று கேட்காதீர்கள். மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். அது மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது. நமக்கு அதில் பாடம், அந்த உணவோடு அந்த உழைப்பும் அளவும் சேர்ந்தே வந்தன என்பதுதான்.

நமக்கும் இது புதுசல்ல. புழுங்கலரிசியைப் புழுக்கும்போதே தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடும் என்பது நம் பாட்டிகள் படிக்காமலே கைக்கொண்ட பக்குவம். பளபளவென்று தீட்டிய பச்சரிசியே அந்தஸ்து என்று மாறினோம். இன்று இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. அதற்கு அரிசி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்குவத்தைத் தொலைத்த கணக்கில் நாமும் அந்த ஆதிகுடிகளும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

என்ன செய்யலாம்?

வீட்டில் ஆஸ்திரேலியப் பண்டம் செய்ய ஆசைப்படும் தாய்மார்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

செய்முறை கேட்கும்போது கூடவே மூணு கேள்வி கேளுங்கள். "இதை எப்போ செய்வீங்க? ஒரு ஆளுக்கு எவ்வளவு? கூட என்ன சாப்பிடுவீங்க?" இந்த மூணுக்கும் பதில் வந்தால்தான் அது முழுச் செய்முறை.

பாதி அளவில் செய்யுங்கள். குழந்தைகள் இருக்கும்வரை செய்யுங்கள். மிஞ்சினால் அக்கம்பக்கம் கொடுத்துவிடுங்கள். டின்னில் மூடி வைத்தால் அது தாத்தாவுக்குத்தான் போகும்.

கோல்டன் சிரப் கிடைக்காவிட்டால் வெல்லப்பாகு சேர்க்கலாம், வாசனை நன்றாகவே இருக்கும். ஆனால் "வெல்லம்தானே, சுகர் ஏறாது" என்று நினைப்பது தப்பு. வெல்லமும், கருப்பட்டியும், தேனும் ஏற்றத்தான் செய்யும். வைத்தியன் நானே சொல்கிறேன், நம்புங்கள்.

டாம்பர் ரொட்டி செய்வதானால் மைதாவுக்குப் பதில் முழுக் கோதுமை மாவில் செய்யுங்கள், சர்க்கரை வேண்டாம். பேரனுக்குக் கதையும் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு கேழ்வரகு அடையும் தட்டி வையுங்கள்.

லெமன் மிர்ட்டில் என்ற அந்த ஊர் இலையைக் கேட்டால் தேடி அலைய வேண்டாம். நம் எலுமிச்சைப்புல்லிலும் அதே வாசனைப் பொருள்தான் இருக்கிறது.

ஆனால் "ஆஸ்திரேலிய மரம்தானே" என்று ஊட்டிப் பக்கம் போய் வேல விதையோ தைல மர இலையோ பறித்து வந்து சமைக்காதீர்கள். எந்த வகை உண்ணத் தகும் என்று தெரிந்த கை வேண்டும். நீலகிரித் தைலம் வெளிப்பூச்சுக்கும் ஆவி பிடிக்கவும்தான். அதை ஒரு சொட்டும் உள்ளுக்குக் கொடுக்கக்கூடாது, குழந்தைகளுக்கு அது ஆபத்து.

ஒரு பிஸ்கெட்

குமணன்சாவடிப் பெரியவரிடம் திரும்பி வருகிறேன். இவ்வளவையும் அன்று அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"எல்லாம் புரியுது டாக்டர். எனக்கு ஒண்ணும் அது அவ்வளவு ருசின்னு இல்ல. சாயந்திரம் அஞ்சு மணிக்கு அந்த வாசனை வந்தா பசங்க வீட்டுல இருக்கற மாதிரி இருக்கு. அதான்..."

என்ன சூரணம் கொடுப்பது இதற்கு? நாக்கு கேட்டால் பத்தியம் சொல்லலாம். இது மனசு கேட்கிறது.

யோசித்துவிட்டுச் சொன்னேன். "ஐயா, ஏப்ரல் 25 அவங்க ஊர்ல அந்த நாள். அன்னிக்கு இங்கேயும் செய்யுங்க, அங்கேயும் செய்யட்டும். போன்ல பேரன் முகத்தைப் பார்த்துக்கிட்டு ஒண்ணு சாப்பிடுங்க. பேரன் பிறந்த நாளுக்கு ஒண்ணு. மத்த நாள்ல அஞ்சு மணிக்கு டின்னைத் திறக்காதீங்க, போனைத் திறங்க. அங்கே அப்ப ராத்திரி பத்து மணி ஆகிடும், பசங்க தூங்கிடுவாங்க. அதனால நேரத்தைக் காலையில மாத்திக்குங்க."

அந்தம்மா உடனே, "நான் அவனுக்குப் புழுங்கலரிசிக் கஞ்சி வைக்கச் சொல்லித் தர்றேன். நம்ம பக்குவமும் அங்க போகட்டுமே" என்றார்கள். எனக்குத் தோன்றாத யோசனை!

ஜூன் மாதம் வந்தார். 142. இன்னும் இறங்கணும். ஆனால் இறங்குகிறது. ஏப்ரல் 25 அன்று எத்தனை சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுதான் டாக்டர்" என்றார்.

அந்தம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி... ஒண்ணரை."